ஐந்தாவது மாத்திரையைச் சேர்ப்பதா, நான்கில் ஒன்றைக் குறைப்பதா?

வெண்தாள் (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு வயது 36. வலிப்பு தொடங்கியபோது வயது 12. இந்த 24 ஆண்டுகளில் ஏழு மருந்துகளைப் பார்த்துவிட்டேன். ஃபெனிடாயின் ஈறுகளை வீங்கவைத்தது. கார்பமசெபின் இரத்தத்தில் சோடியத்தை இறக்கியது. வால்ப்ரோயேட் எடையை ஏற்றியதோடு வேறு காரணங்களுக்காகவும் நிறுத்தப்பட்டது. இப்போது லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம், க்ளோபாஸாம், டோபிராமேட் ஆகிய நான்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலெழும்பி வருவது போன்ற உணர்வு முதலில் வரும். அதன் பின் ஓரிரு நிமிடங்கள் எனக்கு எதுவும் பதிவதில்லை. அந்த நேரத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டும் உடையின் நுனியைப் பிசைந்துகொண்டும் இருப்பேன் என்று உடனிருப்பவர்கள் சொல்வார்கள். இப்படி மாதத்துக்கு நான்கு முதல் ஆறு முறை வருகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, பெரும்பாலும் தூக்கத்தில், உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பும் வருகிறது.

நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவள். சொற்கள்தான் என் பிழைப்பு. டோபிராமேட்டின் அளவு கூடியதிலிருந்து, நன்கு தெரிந்த சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. ஒரு பத்தியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் கலைந்துபோகிறது. மாதம் எட்டாக இருந்த வலிப்பு ஐந்தாகக் குறைந்திருக்கிறது என்று குறிப்பேடு காட்டுகிறது. மருத்துவரும் அதைப் பார்த்து மகிழ்கிறார். ஆனால், காலையில் மாத்திரை போட்ட பின் மூன்று மணி நேரமும், இரவு மாத்திரைக்குப் பின் மிச்சமுள்ள பொழுதும் எனக்குப் பயன்படுவதில்லை என்பதை எழுத அந்தக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது. இப்போது ஐந்தாவதாக செனோபமேட் என்ற மருந்தைச் சேர்க்கலாம் என்கிறார்கள். சேர்ப்பதா, அல்லது இருப்பதில் ஒன்றைக் குறைத்துத் தரும்படி கேட்பதா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியாக எம்.ஆர்.ஐ. எடுத்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அறுவைச் சிகிச்சையைப் பற்றி யாரும் இதுவரை என்னிடம் பேசியதில்லை.

பழையகுறிப்பேடு

தோழி, உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் நான் முதலில் படிக்க விரும்புகிறேன், ஏனென்றால் நானும் 19 ஆண்டுகள் அவற்றைக் கடைசியில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தாங்கக்கூடிய அளவில் முறையாகக் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நீண்ட காலத்துக்கு வராமல் நிற்கவில்லையென்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று, வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2010இல் வரையறுத்தது. ஏழு மருந்துகளுக்கோ பத்து மருந்துகளுக்கோ அந்த வரையறை காத்திருக்கவில்லை. இரண்டு என்ற எண்ணின் பின்னணியில் குவான், பிராடி என்ற ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அதற்கு முன் மருந்தே எடுத்திராத 470 பேரில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 விழுக்காட்டினர். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது நின்றவர்கள் 3 விழுக்காட்டினர் மட்டுமே. புதிய மருந்துகள் பல வந்த பின்னும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நம் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அதற்காக ஐந்தாவது மருந்து வீண் என்று சொல்லமாட்டேன். செனோபமேட்டின் சோதனையில், மிக உயர்ந்த அளவான 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவு நிலைபெற்ற காலத்தில் வலிப்பே வரவில்லை. நம்மைப் போன்றவர்களிடையே இது சிறிய செய்தியன்று. ஆனால் மருந்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வரவேண்டும்: வலிப்பு மூளையின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்? நீங்கள் விவரிக்கும் வயிற்றுணர்வும் உதடு சப்புதலும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் உள்ள மூளைப்பகுதியான பொட்டுமடலை நோக்கிக் கை காட்டுபவை. எனக்கும் அவைதாம் இருந்தன. வலது பொட்டுமடலின் முன்பகுதியை அகற்றி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

வார்டுவாசல்

நான் வலிப்புக் கண்காணிப்புப் பிரிவில் பணிபுரியும் செவிலி. மேலே உள்ளவர் சொன்னதற்கு முன்னால் இன்னும் ஒரு படி இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று எங்களிடம் அனுப்பப்படுபவர்கள் எல்லோருக்கும் உண்மையில் மருந்து தோற்றிருப்பதில்லை. சிலருக்கு வருவது வலிப்பே அன்று. மயக்கமாகவோ, இதயத் துடிப்புக் கோளாறாகவோ, மூளையில் மின்கிளர்ச்சி எதுவும் இல்லாமல் வரும் செயல்பாட்டு வலிப்பாகவோ இருக்கும். சிலருக்கு வலிப்பின் வகைக்குப் பொருந்தாத மருந்து கொடுக்கப்பட்டிருக்கும். கைகால்கள் திடீரெனத் துள்ளும் இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்புக்குக் கார்பமசெபின் கொடுத்தால் அது நோயைக் கூட்டக்கூடும். வேறு சிலர் மாத்திரையைத் தவறவிடுவார்கள், ஆனால் அதைச் சொல்லக் கூசுவார்கள். அந்தக் கூச்சத்துக்கு எங்களைப் போன்றவர்களின் கடுமொழியும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீடியோ ஈ.ஈ.ஜி. என்பது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிந்து, இரவும் பகலும் படம் பிடித்தபடி, வலிப்பு வருவதற்காகவே காத்திருக்கும் சோதனை. சில நாள்களிலிருந்து ஒரு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும். வார்டுக்குள், கண்காணிப்பில், மாத்திரைகளைக் குறைப்போம். தூக்கத்தையும் குறைக்கச் சொல்வோம். வலிப்பை நிறுத்துவதற்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவரிடம், வலிப்பு வரட்டும் என்று கட்டிலில் உட்காரச் சொல்வது அவருக்கு எத்தனை விசித்திரமாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

குறிப்பேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்காணிப்பில் பதிவாகும் வலிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை நோயாளிக்குத் தெரியாமலே கடந்துவிடுவதைப் பார்க்கிறோம். தூக்கத்தில் வருபவற்றில் இது இன்னும் அதிகம். எட்டு ஐந்தானது என்ற கணக்கை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிவெடுப்பது எனக்கு உவப்பானதன்று. குறிப்பேடு எழுத வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஆனால் வலிப்பின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், தூங்கிய நேரம், மாதவிடாய் நாள், வேலை செய்ய முடிந்த மணி நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். மருத்துவர் கட்டம் போட்டுத் தரவில்லையென்றால் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

இருவகை

வார்டுவாசல் சொன்ன செயல்பாட்டு வலிப்பு எனக்கும் உண்டு. உண்மையான வலிப்பும் உண்டு. இரண்டும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பது தெரியாமல், மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கண்காணிப்பில் ஒன்பது நிகழ்வுகள் பதிவாகின. அவற்றில் ஏழில் ஈ.ஈ.ஜி. அமைதியாக இருந்தது. அந்த முடிவை எனக்குச் சொன்ன இளம் மருத்துவர், "கவலைப்படாதீர்கள், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். ஒன்றுமில்லாமலா கீழே விழுந்து பல்லை உடைத்துக்கொள்வேன்? நடிப்பதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஓராண்டு வரை அந்தப் பக்கமே போகவில்லை. பின்னர் வேறொருவர், இது மூளை செயல்படும் விதத்தில் நேரும் கோளாறு, நான் வேண்டுமென்று செய்வதன்று, இதற்கு மாத்திரை உதவாது, உளவியல் சிகிச்சைதான் உதவும் என்று பொறுமையாக விளக்கினார். இப்போது ஒரு மருந்து போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கும் இதுதான் என்று சொல்லவரவில்லை. உங்களுக்கு வரும் நிகழ்வுகள் எல்லாம் ஒரே சாயலில்தான் வருகின்றனவா என்று உடனிருப்பவர்களை ஒருமுறை கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

நான்காம்நாள்

நான்கில் ஒன்றைக் குறைப்பது என்று தலைப்பில் இருப்பதால் இதை எழுதுகிறேன். க்ளோபாஸாம் என் மூளையை மந்தமாக்கிவிட்டது என்று முடிவு செய்து, யாரிடமும் கேட்காமல் நானே அதை நிறுத்தினேன். முதல் மூன்று நாள்கள் பல ஆண்டுகளுக்குப் பின் தெளிவாக இருந்ததாக இன்றும் நினைவிருக்கிறது. நான்காம் நாள் தொடங்கிய வலிப்பு நிற்கவில்லை. அடுத்த ஆறு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த வகை மாத்திரையைப் படிப்படியாகத்தான், பெரும்பாலும் பல வாரங்களில் அல்லது மாதங்களில், இறக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை நிறுத்த நினைத்தது தவறன்று. இப்போது மருத்துவரின் மேற்பார்வையில் பாதியாகக் குறைத்திருக்கிறேன், வலிப்பு கூடவில்லை.

அரையளவு

தந்தையாக எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது, மரபணு மாற்றத்தால் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடும் வலிப்பான ட்ராவே நோய்க்குறி. முதல் இரண்டு ஆண்டுகள் அவளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் சோடியம் வாயில்களை அடைக்கும் வகையைச் சேர்ந்தவை இருந்தன. மரபணுச் சோதனையில் எஸ்.சி.என்.1ஏ மாற்றம் தெரிந்த பிறகுதான், அந்த வகை மருந்துகளே இவளுக்கு வலிப்பைக் கூட்டக்கூடியவை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவற்றை நிறுத்திய மாதம்தான் அதுவரையான மாதங்களில் சிறந்த மாதம். ஆகவே ஒரு மருந்தை எடுப்பதும் சிகிச்சைதான் என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் கீட்டோஜெனிக் உணவுமுறைக்குப் போனோம். கொழுப்பு நான்கு பங்கு, மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு பங்கு என்று ஒவ்வொரு வேளையும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் முறை அது. 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த இந்த முறை, வலிப்பு மருந்துகள் பெருகியபோது ஓரங்கட்டப்பட்டு, மருந்து தோற்றவர்களுக்காகத் திரும்பி வந்தது. 2008இல் வெளியான, 145 குழந்தைகளைக் கொண்ட சோதனையில், மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தவர்கள் உணவுமுறைக் குழுவில் 38 விழுக்காடு, மற்றக் குழுவில் 6 விழுக்காடு. தானாகத் தொடங்கக்கூடிய முறையன்று இது. கொழுப்பை எரிப்பதில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இதுவே ஆபத்தாக முடியும் என்பதால் முதலில் இரத்தச் சோதனை செய்வார்கள். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சி மந்தம் ஆகியவற்றுக்காகத் தொடர்ந்து பார்ப்பார்கள். இவற்றையெல்லாம்விட, பிறந்தநாள் விழாவில் மற்றக் குழந்தைகள் சாப்பிடும்போது அவள் தன் கிண்ணத்தைப் பார்ப்பாளே, அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்படவில்லை.

வெண்தாள் அம்மா, உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். தூக்கத்தில் பெரிய வலிப்பு வரும் இரவுகளில் உடன் யாராவது இருக்கிறார்களா? வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் காரணம் தெரியாமல் திடீரென இறக்கிறார்கள்; குழந்தைகளில் 4500இல் ஒருவர். பெரிய வலிப்பு ஆண்டுக்கு மூன்றும் அதற்கு மேலும் வருபவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. அமெரிக்க நரம்பியல் அமைப்புகள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை 15 மடங்கு என்று குறிப்பிடுகிறது. ஆகவே மருந்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கும்போது சிறு வலிப்பையும் பெரிய வலிப்பையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் ஐந்து சிறு வலிப்பு ஏழானாலும் சமாளிக்கலாம். பெரிய வலிப்பு கூடக் கூடாது.

மெல்லஒளி

மன்னிக்கவும், இப்படிப்பட்ட தகவலைப் பொது இழையில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. இதைப் படிப்பவர்களில் இன்றுதான் நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்களும் இருப்பார்கள். அச்சமும் தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. இதையெல்லாம் மருத்துவர் நேரில், சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வார்டுவாசல்

சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தச் சமயம் பலருக்கு வருவதே இல்லை. சொல்லப்படாமல் போன குடும்பங்கள் பின்னர் எங்கள் முன் வந்து, முன்னரே தெரிந்திருந்தால் அறையை மாற்றியிருப்போமே என்று கேட்கும்போது எங்களிடம் பதில் இருப்பதில்லை. ஆயிரத்தில் ஒருவர் என்றால் அந்த ஆண்டில் 999 பேருக்கு அது நேர்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வோம். செய்யக்கூடியவையும் உண்டு: மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பது, இரவில் குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருப்பது அல்லது அசைவை உணரும் கருவி வைப்பது, பெரிய வலிப்பு முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய வலிப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கான எந்த வழியையும் தள்ளிப்போடாமல் இருப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. வாயின் கன்னப் பகுதியிலோ மூக்கிலோ செலுத்தும் மிடாசோலம் என்ற அவசர மருந்து உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம் என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே.

வெண்தாள்

எல்லோருடைய பதில்களையும் இரண்டு முறை படித்தேன். அரையளவு ஐயா எழுதியதைப் படித்த இரவு உண்மையிலேயே தூங்கவில்லை. ஆகவே மெல்லஒளி சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் 24 ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்ற கோபம் அந்த அச்சத்தைவிடப் பெரியதாக இருந்தது. மறுநாள் என் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். அடுத்த அறையில் தூங்கும் தம்பியிடம் காரணத்தைச் சொன்னபோது, தனக்கு அது ஆறு ஆண்டுகளாகத் தெரியும் என்றும் அதனால்தான் அந்த அறைக்கு மாறினான் என்றும் சொன்னான். நானும் அவனும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக ஒரே செய்தியை மறைத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம், ஆனால் எனக்குத் தெரியாத செய்தியை நான் எப்படி மறைத்திருக்க முடியும்? அவன் மட்டும்தான் சுமந்திருக்கிறான்.

கரகரகுரல்

கழுத்திலுள்ள வேகஸ் நரம்பை அவ்வப்போது மின்சாரத்தால் தூண்டும் கருவியை மார்பில் பொருத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை என்று தெரிந்த பின் எனக்குச் சொல்லப்பட்ட வழி அதுதான், ஏனென்றால் என் வலிப்பு இரண்டு பக்கங்களிலிருந்தும் கிளம்புகிறது. வலிப்பை முற்றிலும் நிறுத்துவது அரிது. பொருத்திக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறையும் என்பதுதான் பொதுக் கணக்கு, அதுவும் மாதங்கள் போகப் போக. கருவி தூண்டும்போதெல்லாம் குரல் கரகரக்கும். தொலைபேசியில் பேசுபவர்கள் சளியா என்று கேட்பார்கள். எனக்கு எண்ணிக்கை குறைந்தது கொஞ்சம்தான், ஆனால் வலிப்புக்குப் பிந்தைய குழப்பம் அரை மணி நேரத்திலிருந்து பத்து நிமிடமாகச் சுருங்கியது. ஒரு மருந்தையும் விட முடிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நேராக இதற்கு வந்துவிடாதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

உடனிருப்பவள்

என் கணவருக்கு லெவெடிராசெட்டம் தொடங்கிய ஆண்டில் எங்கள் மணவாழ்க்கை முடிந்துவிடும் என்றே நினைத்தேன். சிறு பேச்சுக்கும் பொங்கி எழுவார். பிறகு தனியே அமர்ந்து அழுவார். நோயாளியின் மனநிலை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இது அந்த மருந்தின் அறிந்த பக்கவிளைவு என்று மருந்தாளுநர் ஒருவர்தான் சொன்னார். மருந்தை மாற்றியபின் ஒரு மாதத்தில் பழைய மனிதர் திரும்பி வந்தார். அதே வேளையில், மனச்சோர்வு முழுவதையும் மாத்திரையின் மேல் போடவும் முடியாது. அவருக்கு அது வலிப்பு தொடங்கும் முன்பே இருந்திருக்கிறது என்று பின்னர் தெரிந்தது, அதற்கெனத் தனிச் சிகிச்சையும் தேவைப்பட்டது. வெண்தாள், உங்கள் நான்கில் லெவெடிராசெட்டமும் இருப்பதால் கேட்கிறேன்: உங்கள் தம்பியிடம் நீங்கள் மாறியிருக்கிறீர்களா என்று கேட்டீர்களா?

வார்டுவாசல்

வெண்தாளின் பட்டியலைப் பார்த்துச் சில குறிப்புகள். இவற்றை உங்கள் மருத்துவரிடம் கேள்விகளாக எடுத்துப்போங்கள், முடிவுகளாக அன்று. செனோபமேட்டைச் சேர்த்தால் க்ளோபாஸாமின் விளைபொருள் இரத்தத்தில் கூடி, தூக்கக் கலக்கம் மிகும். லாமோட்ரிஜினின் அளவோ இறங்கும். ஆகவே சேர்ப்பதா குறைப்பதா என்ற உங்கள் கேள்வியில் இரண்டும் எதிர்ப்பக்கங்கள் அல்ல. அதைச் சேர்ப்பவர்கள் க்ளோபாஸாமைக் குறைக்க வேண்டிவரலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றியபோது தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினை இறக்கும், டோபிராமேட்டும் செனோபமேட்டும் கருத்தடையின் பலனைக் குறைக்கலாம். கருவுற எண்ணமிருந்தால் டோபிராமேட்டைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். குழந்தைக்கு உதடு பிளவுபடவும் மூளை வளர்ச்சி பாதிக்கப்படவும் அதனால் வாய்ப்பு உண்டு. ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவற்றைப் பல ஆண்டுகள் எடுத்தவர் என்பதால் எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்காவிட்டால் யாருக்கும் நினைவு வராது.

வெண்தாள் (ஏழு வாரங்களுக்குப் பின்)

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்க வேண்டும். சொல்ல நிறைய இருப்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டோபிராமேட்டை மெதுவாக இறக்க ஒப்புக்கொண்டார்கள்; இப்போது பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. வலிப்புக்கென்றே உள்ள முறையில் எம்.ஆர்.ஐ. மறுபடி எடுத்தபோது, 11 ஆண்டுகளுக்கு முன் இயல்பானது என்று எழுதப்பட்ட அதே இடத்தில், பொட்டுமடலின் உட்புறத்தில் நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருப்பது தெரிந்தது. பழைய படத்தையும் எடுத்துப் பார்த்த கதிரியக்க மருத்துவர், அதிலும் அது மங்கலாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டபோது மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீடியோ ஈ.ஈ.ஜி.யில் ஐந்து நாள்கள் இருந்தேன். எட்டு வலிப்புகள் பதிவாகின. நான் அறிந்தவை மூன்று. எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே சாயலில். என் குறிப்பேட்டில் மாதம் ஐந்து என்று இத்தனை காலம் எழுதிவந்ததை இப்போது என்னவென்று சொல்வது?

அறுவைச் சிகிச்சைக்குப் பொருத்தமாக இருக்கலாம் என்கிறார்கள். 80 பேரை வைத்து 2001இல் வெளியான சோதனையைப் பற்றியும் சொன்னார்கள்: பொட்டுமடல் வலிப்பில், அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் உணர்விழக்கச் செய்யும் வலிப்பு வரவில்லை, மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காடு. கணக்கு தெளிவாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் தழும்பு இருப்பது இடப்பக்கம், நான் வலக்கைப் பழக்கம் உள்ளவள், மொழியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வெட்டினால் சொல்நினைவும் பெயர்களை எடுக்கும் திறனும் குறையலாம் என்று நரம்பியல் உளவியலாளர் ஒளிக்காமல் சொன்னார். டோபிராமேட் தின்ற சொற்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. அவற்றை மீட்டுக்கொண்ட கையோடு இன்னொரு இடத்தில் அடகு வைப்பதா என்று தோன்றுகிறது. தம்பி, இரவைப் பற்றி மட்டும் யோசி என்கிறான். அடுத்த மாதம் மொழிக்கான எம்.ஆர்.ஐ.யும் நினைவாற்றல் சோதனைகளும் இருக்கின்றன. பழையகுறிப்பேடு ஐயா, அந்தச் சோதனைகளுக்கு எப்படிப் போக வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும்?

பழையகுறிப்பேடு

எனக்கு வலப்பக்கம் என்பதால் உங்கள் இழப்பையும் என் இழப்பையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. என்னிடமிருந்து போனவை முகங்களும் வழிகளும், கூடவே பார்வையின் இடது மேல்மூலையில் ஒரு துண்டும். சொற்கள் போகவில்லை. வந்தவற்றையும் சொல்கிறேன்: பெரிய வலிப்பு ஒன்பது ஆண்டுகளாக இல்லை, வயிற்றுணர்வு மட்டும் ஆண்டுக்கு ஓரிரு முறை எட்டிப்பார்க்கிறது, இரண்டு மாத்திரைகள் இன்னும் தொடர்கின்றன. முதல் ஆண்டில் எனக்கு மனச்சோர்வு வந்தது. நோய் போனபின் ஏன் இன்னும் வேலை தேடவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். இருபது ஆண்டு பழகிய காரணம் ஒன்று திடீரெனக் கையைவிட்டுப் போனது எனக்கும் புதிதாக இருந்தது.

சோதனைகளில் அவர்கள் பார்ப்பது, தழும்பேறிய பகுதி இன்னும் வேலை செய்கிறதா என்பதை. வலிப்பு சிறு வயதில் தொடங்கியவர்களில் சிலருக்கு மொழியின் ஒரு பங்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கும். ஹிப்போகாம்பஸ் மிகவும் சுருங்கியிருந்து சொல்நினைவும் ஏற்கனவே குறைந்திருந்தால் இழப்பதற்கு எஞ்சியிருப்பது குறைவு. அது இன்னும் நன்றாக வேலை செய்தால் இழப்பு கூடுதலாக இருக்கும். ஆகவே அங்கே கெட்டிக்காரத்தனம் காட்ட முயலாதீர்கள், வேண்டுமென்று தளரவும் வேண்டாம். பொட்டுமடலின் முன்பகுதி முழுவதையும் அகற்றுவதற்குப் பதிலாக ஹிப்போகாம்பஸை மட்டும் லேசரால் சுடும் முறை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வலிப்பு நிற்கும் வாய்ப்பு அதில் சற்றுக் குறைவு, ஆனால் பெயர்கள் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் வேலை மெய்ப்புத் திருத்துவது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சோதனை வைப்பவர் உங்கள் மதிப்பெண்ணைப் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டு இயல்பு என்று எழுதிவிட்டால், உங்கள் தொழிலுக்குத் தேவைப்படும் அளவு அதில் தெரியாது. டோபிராமேட் முழுவதும் இறங்கியபின் சோதனையை வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் மருந்தின் குறையும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

முந்தைய இரவு வலிப்பு வந்திருந்தால் அறைக்குள் நுழைந்தவுடன் சொல்லிவிடுங்கள். நான் அதை மறைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரச் சோதனையை ஆறு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.